நிணநீர் முளை எல்லாம் புற்றுநோய் அல்ல

மலத்தோடு இரத்தம் போனால் 'மூலவியாதிதானே' என்று மாதக்கணக்கில் மருந்து குடித்துக்கொண்டே இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. படுவான்கரையிலிருந்து வாவி கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வந்துபோக ஒருநாள் கூலி போய்விடும். உண்மைதான். ஆனாலும் வரத்தான் வேண்டும்.

அங்கே பெருங்குடலைக் கமராக் குழாயால் பார்க்கும் கொலனொஸ்கொபியில் சிலருக்கு, பெரும்பாலும் மலக்குடலின் கீழ்ப்பகுதியில், சில மில்லிமீற்றர் அளவில் ஒரு முளை தெரியும். வழுவழுப்பாக, காம்பில்லாமல், சற்று வெளிறியோ மஞ்சள் சாயலோடோ இருக்கும். இது நிணநீர் முளைதானா என்று கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. மலக்குடலில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டியும் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் மாதிரி எடுக்கிறார்கள்.

நுணுக்குக்காட்டியில் தெரிவது பெரும்பாலும் ஆறுதலான காட்சி. தொண்டையில் டொன்சில் இருப்பதுபோல, கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்க் கலங்கள் எல்லோருடைய குடற்சுவரிலும் உண்டு. அவை திரண்டு உருண்டை முடிச்சுகளாகியிருக்கும்; நடுவே வெளிறிய மையம், சுற்றிலும் அடர்ந்த விளிம்பு, மேலே பழுதில்லாத சளிச்சவ்வு. சந்தேகம் இருந்தால் பிசிஎல்-2 என்ற சாயப் பரிசோதனை செய்வார்கள். மையத்துக் கலங்கள் அந்தச் சாயத்தை ஏற்காதது சாதாரண வளர்ச்சிக்குரிய அடையாளம். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவின் ஒரு வகை, பொலிகுலர் லிம்போமா; அதில் அவை பெரும்பாலும் ஏற்கும். குடல் நெடுகப் பல முளைகள் இருந்தால் மான்டில் செல் லிம்போமா என்ற இன்னொரு வகையையும் சைக்ளின் டி1 சாயத்தால் விலக்க வேண்டும். குழந்தைகளிலும் இத்தகைய நிணநீர் முளைகள் காணப்படும். பசுப்பால் ஒவ்வாமை ஒரு காரணம்.

தீங்கற்றது என்று உறுதியானால் கீமோ இல்லை, குடலை வெட்டும் சத்திரசிகிச்சையும் இல்லை. ஆனால் அந்த நிம்மதியில் ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள்: பெருங்குடல் முழுவதும் பார்க்கப்பட்டதா? சிறு முளை ஒன்று அகப்பட்டதற்காக, இரத்தம் போனதற்கு அதுதான் காரணம் என்றாகிவிடாது.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை, அது உங்கள் உடம்பு. அறிக்கையின் பிரதி தர மறுத்தால், அரச வைத்தியசாலையிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவைத் தர அதற்குரியவரின் எழுத்துச் சம்மதம் தேவை என்பதால், நோயாளியே கையொப்பமிட்டுக் கேட்பது நல்லது. தனியார் மருத்துவமனை என்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையிடம் முறையிடலாம்.

'லிம்போமா' என்று சொல்லப்பட்டு உங்களுக்கு ஐயம் இருந்தால், சிகிச்சை தொடங்குமுன் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். ஆய்வுகூடத்தில் உள்ள, உங்கள் மாதிரி பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் வேறொரு நோயியல் நிபுணர் பார்க்கலாம். பெரும்பாலும் மீண்டும் சதை எடுக்கத் தேவைப்படாது.

அறிக்கையைக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, மலம் போகும் வழமை மாறினாலோ இந்த வாரமே டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.