தையூர்க் குழாயும் மரக்காணத்து லாரியும்

சென்னைக்குத் தெற்கே தையூரில், ஐஐடி மெட்ராஸின் டிஸ்கவரி வளாகத்தில் 422 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. உள்ளே இருக்கும் காற்றைப் பெருமளவு உறிஞ்சி எடுத்துவிட்டு, காந்த விசையில் மிதக்கும் பெட்டியை விமான வேகத்தில் ஓட்ட முடியுமா என்று அதில் சோதிக்கிறார்கள். இந்த ஹைப்பர்லூப் ஆய்வுக்கு 2022இல் ரயில்வே அமைச்சகம் 8.34 கோடி ரூபாய் தர முன்வந்தது. அதே கடற்கரையில் இன்னும் தெற்கே போனால் மரக்காணம். அங்கே பாத்தியில் விளைந்த உப்பை நீளக் கைப்பிடி போட்ட பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். குவியலின் மேல் ஓலையோ தார்ப்பாயோ விழுகிறது. அதன்பிறகு எல்லாம் லாரிதான். ரயில் வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, திண்டிவனத்துக்குப் போக வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, “உப்புக்குத் தலைச்சுமை, குழாய்க்குக் கோடியா?” என்று கேட்கத் தோன்றும். அந்தக் கோபம் இடம் மாறி விழுகிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு 2,157 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 47 கோடி. தையூருக்கான அந்த 8.34 கோடியைக் கொண்டு அந்தச் சாலையில் 200 மீட்டர்கூடப் போட முடியாது. தோற்றுப்போகக்கூடிய ஆராய்ச்சிக்குத் தனியார் முதல் எளிதில் வராது. அமெரிக்காவில் பெரும் முதலீட்டோடு இறங்கிய ஹைப்பர்லூப் ஒன் நிறுவனமே 2023 கடைசியில் கடையைக் கட்டியது. அந்த ஆபத்தைச் சிறு தொகையில் அரசு ஏற்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் குறை வேறு. போக்குவரத்துத் தொழில்நுட்பத்துக்கு அரசு பணம் தரும்போது, கண்டுபிடிக்கவும் கட்டவும் வாங்கவும் தருகிறது. அது வருடக்கணக்கில் சரக்கு சுமந்து ஓடுவதற்குத் தருவது அபூர்வம்.

இதற்குச் சாட்சி மரக்காணத்திலேயே இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இந்த ஊர்ப்பக்கம்தான். 1806இல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கியது அது. 1837இல் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு படிப்படியாக நீட்டியது. 1877-78 தாதுவருடப் பஞ்சத்தின்போது, சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயரும் ஒட்டிக்கொண்டது. கால்வாயின் மொத்த நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் படகில் போயின. பாயும் கரையிலிருந்து இழுக்கும் கயிறும்தான் எஞ்சின். ஓதத்தைத் தடுத்து நீர்மட்டத்தைக் காக்கும் கதவுகளோடு, அந்தக் காலத்துக்கு அது உயர்ந்த தொழில்நுட்பம்தான். 1965, 1966 புயல்கள் கரைகளைச் சிதைத்தன. தூர் வாரிப் பழுது பார்க்கப் பணம் வரவில்லை. பிற்பாடு சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களையே கால்வாய்க்குள் இறக்கினோம்! 2008இல் இதே தடம் தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்டது. மரக்காணத்து உப்பு இன்னும் படகு ஏறவில்லை.

லாரி வந்தது, கால்வாய் தோற்றது. இதில் அரசின் பிழை என்ன என்று கேட்கலாம். பாதி உண்மை. அவசரச் சரக்குக்கு லாரியை வெல்ல முடியாது. ஆனால் உப்புக்கு ஏது அவசரம்? ஓலைக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும் சரக்கு அது. விலை குறைவு, எடை அதிகம். அடக்க விலையில் வண்டிச் சத்தம் பெரும்பங்கு. ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு டன் சரக்கு சாலையில் 24 கிலோமீட்டரும், ரயிலில் 85உம், நீரில் 105உம் போகும் என்பது நீர்வழித் துறை திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. அப்படியும் சாலை வென்றதற்குக் காரணம், அதன் பராமரிப்புக்கு அரசு விடாமல் பணம் போட்டதுதான். மேலே சொன்ன மரக்காணம்–புதுச்சேரி சாலையையே பாருங்கள். ஹைப்ரிட் ஆன்யூட்டி என்ற முறையில் அது வருகிறது. செலவில் 40 விழுக்காட்டை அரசு கட்டும்போது தரும். மீதியை ஒப்பந்ததாரர் போட, 15 ஆண்டுகளில் தவணையாகத் திருப்பித் தரும். அத்தனை ஆண்டும் சாலையைப் பராமரிப்பது அவர் பொறுப்பு, அதற்கும் தனியாகப் பணம் உண்டு. நீண்டகாலப் பொறுப்போடு பணம் தர அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அதே கடற்கரைக்கு ரயில் என்றால் கை சுருங்குகிறது. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னை–கடலூர் புதுப்பாதை 2008-09இல் அனுமதி பெற்றது. சில ஆண்டு பட்ஜெட்டுகளில் அதற்குக் கிடைத்தது ஆயிரம் ரூபாய். ஆயிரம் கோடி அல்ல, ஆயிரம் ரூபாய். திட்டத்தின் பெயர் புத்தகத்தில் நீடிப்பதற்கான சம்பிரதாயத் தொகை. கால்வாயைத் திரும்பத் தோண்டுவதை நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க மாட்டேன். நீர்வழித் தடம் கழுவேலி ஏரி வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. 2021இல் பறவைகள் சரணாலயமான அந்த உவர்நீர்ப் பரப்பில் தூர்வாரும் எந்திரத்தை இறக்கச் சொல்வது எளிதல்ல. அந்த ஆட்சேபம் வலுவானது. அது ரயிலின் நியாயத்தைக் கூட்டுகிறதே தவிர, லாரி ஒன்றே போதும் என்று ஆக்கிவிடவில்லை.

ரயில் வரும்வரை லாரியாவது மாறலாம். பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் மின்சார லாரிகளுக்கென்று 500 கோடி இருக்கிறது. ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் மானியம். ஆனால் பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் வேண்டும், மிச்ச விலையைத் தானே புரட்ட வேண்டும். உப்பு இரும்பைத் தின்னும். புது வண்டியை அந்தச் சரக்குக்கு விட யாருக்கும் லேசில் மனம் வராது. ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவர் மானியத்தை நம்பி அதில் இறங்குவாரா? பேருந்து விஷயத்தில் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டிருக்கிறார்கள். 2023இல் அறிவித்த பிஎம் இ-பஸ் சேவா, பத்தாயிரம் மின்பேருந்துகளைப் பத்தாண்டு ஓட்டுவதற்கே உதவுகிறது. நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குத்தான் காசு. பயணிக்குச் செய்வதைச் சரக்குக்கும் செய்து பார்க்கலாம். இலாபத் தொழிலுக்கு மக்கள் பணமா என்றால், நான்குவழிச் சாலையில் ஓடும் ஒவ்வொரு டீசல் லாரிக்கும் ஏற்கெனவே மக்கள் பணம்தான் தடம் போடுகிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரியும், சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையும் மின்லாரிக்கு எட்டாத தூரமல்ல. சுமந்த டன்னுக்கும் ஓடிய கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று ஐந்தாறு ஆண்டுக்கு ஏலம் விட்டால், துருவையும் பேட்டரியையும் கணக்கிட்டு விலை சொல்லப் போட்டியாளர் வருவார். ஒன்றை மட்டும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுத வேண்டும்: ஐப்பசி மழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும், மாதக்கணக்கில் உப்பு விளையாது. அந்த மாதங்களில் அதே வண்டிகள் நெல்லோ வேறு சரக்கோ ஏற்ற அனுமதி வேண்டும்.