மேலூரிலிருந்து ஆஸ்கருக்கு: கணிப்பு எங்கே இடறுகிறது?

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. பாறைக் குன்றுகளும் வறண்ட காடுகழனியுமான அந்த வட்டாரத்தில் எடுக்கப்பட்ட ஒரு தமிழ்ப்படம், 2021 அக்டோபரில் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குத் தேர்வானது. பி.எஸ்.வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’தான் அது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரோட்டர்டாம் திரைவிழாவின் உயரிய விருதான டைகர் விருதை வென்றிருந்தது. ஆனால் டிசம்பர் 21 அன்று வெளியான 15 படங்களின் முதற்கட்டப் பட்டியலில் ‘கூழாங்கல்’ இல்லை.

படத்தில் என்ன குறை?

குறையென்று சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. வினோத்ராஜ் சிறுவயதில் மதுரை பூ மார்க்கெட்டிலும், பிறகு திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவர். சென்னையில் டிவிடி கடையில் இருந்தபோது உலக சினிமாவைக் கற்றுக்கொண்டார். புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட அவருடைய சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். அந்த வலியிலிருந்து பிறந்தது படம். கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவரப் புறப்படும் குடிகாரத் தகப்பனையும் அவன் மகனையும் கொளுத்தும் வெயிலில் நடக்கவிட்டார் இயக்குநர். 75 நிமிடங்களில் ஒரு வட்டாரத்தின் தாகம், பசி, ஆத்திரம் அத்தனையும் வந்துவிடுகின்றன.

பார்க்கப்படுவதே முதல் தேர்வு

ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படம்தான் அனுப்ப முடியும். அந்த ஆண்டு 90-க்கும் மேற்பட்ட படங்கள் போட்டியில் இருந்தன. அவற்றில் 15, பிறகு 5. வாக்களிக்கும் உறுப்பினர் எதை முதலில் பார்ப்பார்? ஏற்கெனவே காதில் விழுந்த படத்தைத்தான். கான், வெனிஸ் விழாக்களின் பேச்சும், அமெரிக்க விநியோகஸ்தர் செய்யும் விளம்பரமும் அந்தப் பெயரை அவர் காதில் போடுகின்றன.

அந்த ஆண்டின் ஐந்து படங்களைப் பாருங்கள். விருதை வென்ற ஜப்பானின் ‘டிரைவ் மை கார்’, நார்வேயின் ‘தி வொர்ஸ்ட் பர்சன் இன் தி வேர்ல்ட்’ இரண்டும் கானில் போட்டியிட்டவை. இத்தாலிப் படம் வெனிஸில் விருது வாங்கியது. பின்னால் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. டென்மார்க் படம் சன்டான்ஸில் வென்றது. ஐந்தாவது, பூட்டானின் ‘லுனானா’. முந்தைய ஆண்டு விதிமுறைக் காரணத்தால் தள்ளப்பட்ட அதை, விடாமல் மறுபடி அனுப்பினார்கள். அமெரிக்க விநியோகஸ்தரும் கிடைத்தார். சிறிய நாடு, எளிய படம். ஆனாலும் வாக்காளர் கண்ணில் படும் வழியைப் பிடித்துக்கொண்டது. ‘கூழாங்கல்’ தேர்வானதற்கும் முதற்கட்டப் பட்டியலுக்கும் நடுவே இரண்டு மாத அவகாசம்கூட இல்லை.

இந்தியா அனுப்பிப் பரிந்துரை பெற்ற ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ ஆகியவற்றில் பின்னிரண்டும் இந்த வழியில் போனவையே. ‘சலாம் பாம்பே’ கானில் அறிமுக இயக்குநருக்கான விருதை வென்றது; ‘லகானை’ சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் அமெரிக்காவில் வெளியிட்டது. ‘தெய்வமகன்’ தொடங்கி நாம் அனுப்பிய தமிழ்ப்படம் ஒன்றுகூட இறுதி ஐந்தில் வந்ததில்லை.

நம் மண்ணுக்கு வேறு கணக்கு

தேசிய விருதில் நிலைமை வேறு. அங்கே போட்டிக்கு வந்த படங்களை நடுவர் குழு உட்கார்ந்து பார்க்கிறது. விளம்பரச் செலவுக்கு வேலையில்லை. மதுரையின் சேவல்சண்டையைச் சொன்ன ‘ஆடுகளம்’ ஆறு தேசிய விருதுகளை அள்ளியது. உசிலம்பட்டிப் பக்கம் மணிகண்டன் எடுத்த ‘கடைசி விவசாயி’ சிறந்த தமிழ்ப்படமானது. அதில் நடித்து, வெளியாகும் முன்பே மறைந்துவிட்ட விவசாயி நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. பார்த்தவர்கள் மதித்தார்கள்.

ஆகவே அடுத்த முறை பரிந்துரையைக் கணிக்க விரும்புகிறவர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும். முதலில் எந்த விழாவில் திரையிட்டார்கள்? அமெரிக்காவில் யார் வெளியிடுகிறார்கள்? தேர்வுக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே எத்தனை மாதம்? நட்சத்திரமும் வசூலும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

‘கூழாங்கல்’ தமிழ்நாட்டு வீடுகளுக்கே 2023 அக்டோபரில்தான் ஓடிடி வழியாக வந்தது. வினோத்ராஜின் அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ 2024-ல் பெர்லின் விழாவுக்குப் போய், அதே ஆண்டு ஆகஸ்டில் திரையரங்குக்கும் வந்தது. விழாவுக்கும் நம் ஊர்த் திரைக்கும் நடுவேயான இடைவெளி இப்படிச் சுருங்குவது நல்லது. நாட்டின் பெயரால் ஒரு படத்தை அனுப்பும்போது, அதை உலகத்துக்குப் போட்டுக்காட்டும் செலவையும் நாடே ஏற்க வேண்டும். முதல் பட இயக்குநரின் தோளில் அந்தச் சுமையை ஏற்றிவிட்டு, பட்டியலில் பெயர் இல்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.