விமானிகளின் பணிமூப்பு, பதவி உயர்வு, விடுப்பு: விதிகள் சொல்வது என்ன?

புதுதில்லி: 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாகி, நாடு முழுவதும் பயணிகள் விமான நிலையங்களில் தவித்தபோது, விமானிகளின் ஓய்வு நேரம் பொதுமக்களின் பேச்சுப்பொருளானது. அந்த நெருக்கடிக்கு நடுவே, டிசம்பர் 5-ஆம் தேதி, டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனது விதிகளிலிருந்து ஒரேயொரு வரியைத் திரும்பப் பெற்றது. வாராந்திர ஓய்வுக்கு ஈடாக எந்த விடுப்பையும் கணக்கில் கொள்ளக் கூடாது என்பதே அந்த வரி.

விமானி எப்போது விடுப்பில் செல்கிறார், எப்போது கேப்டன் ஆகிறார் என்பவை நிறுவனங்களின் உள்விவகாரம் போலத் தோன்றலாம். ஆனால், இவை குறித்த பூசல்கள் பலமுறை பயணிகளின் பயணத்தையே நிறுத்தியுள்ளன. ஒரு விமானியின் பணிவாழ்க்கையை நிர்ணயிப்பவை இரண்டு: ஒன்று, நிறுவனத்தின் பணிமூப்புப் பட்டியல், மற்றொன்று, அரசு வகுத்த பணிநேர வரம்பு. முன்னது விமானிக்கு உரிய முறையைத் தருகிறது. பின்னது பயணிக்கு உரிய பாதுகாப்பைத் தருகிறது.

பணிமூப்பு எண் ஏன் முக்கியம்?

பணியில் சேர்ந்த நாளை அடிப்படையாகக் கொண்டு விமானிக்கு வழங்கப்படும் வரிசை எண்ணே பணிமூப்பு எண். கேப்டன் பதவிக்கான பயிற்சிக்கு யார் முதலில் செல்வது, பெரிய ரக விமானத்துக்கு யார் மாறுவது, எந்த நகரத்தைத் தளமாகக் கொண்டு பணியாற்றுவது, பண்டிகைக் காலத்தில் யாருக்கு விடுப்பு என்பவற்றில் இந்த எண்ணுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் தொழிற்சங்க ஒப்பந்தப்படி இந்த வரிசை கண்டிப்பாகப் பின்பற்றப்படுகிறது. இந்தியாவில் அதன் அழுத்தம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முக்கியக் காரணம் பாதுகாப்பு சார்ந்தது. வானிலை மோசமாக இருக்கிறது என்றோ, தாம் களைப்புற்றிருப்பதாகவோ கூறி விமானத்தை இயக்க மறுக்கும் உரிமை விமானிக்கு இருக்க வேண்டும். பதவி உயர்வு மேலதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது என்றால், அந்த மறுப்பைச் சொல்லத் தயக்கம் ஏற்படும். வரிசை எண் அந்தத் தயக்கத்தைக் குறைக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. பணிமூப்பு எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது. இந்தியாவில் அனுபவமிக்க கேப்டன்களை அதே பதவியில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தாலும், புதிய நிறுவனத்தின் பட்டியலில் அவர்கள் பின்னிருந்தே தொடங்க நேரிடும். நிறுவனம் மாறுவதும் எளிதன்று. 2017-இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதியின்படி, பதவி விலக விரும்பும் கேப்டன் ஓராண்டுக்கும், துணை விமானி 6 மாதங்களுக்கும் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

துணை விமானியிலிருந்து கேப்டன் வரை

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தபட்ச வயது 18. குறைந்தது 200 மணி நேரம் விமானம் ஓட்டியிருக்க வேண்டும். கேப்டன் ஆவதற்குத் தேவையான உயர்நிலை உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 21. பறந்த நேரம் 1,500 மணி. இந்த நேரத்தை நிறைவு செய்தவுடன் எவரும் கேப்டன் ஆகிவிடுவதில்லை. காலியிடம் ஏற்பட வேண்டும். பட்டியலில் முறை வர வேண்டும். அதன்பின் பாவனைக் கருவிப் பயிற்சி, தேர்வுகள், மூத்த பயிற்சி கேப்டனின் மேற்பார்வையில் பறத்தல் ஆகியவற்றில் தேற வேண்டும். பணிமூப்பு வாய்ப்பை மட்டுமே தரும்; தகுதியைத் தேர்வே உறுதி செய்யும்.

காலியிடம் இரு வழிகளில் உருவாகிறது: நிறுவனம் புதிய விமானங்களை வாங்கும்போது அல்லது மூத்தவர்கள் ஓய்வு பெறும்போது. எனவேதான் ஓய்வு வயதை உயர்த்தும் முடிவு, பட்டியலின் மேலே உள்ளோருக்கு வரமாகவும் கீழே உள்ளோருக்குக் காத்திருப்பாகவும் அமைகிறது. அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வயதை 60-லிருந்து 65 ஆக உயர்த்தியபோது, இளம் விமானிகளின் பதவி உயர்வு தள்ளிப்போனது.

இணைப்பு என்றால் பூசல்

இரு நிறுவனங்கள் ஒன்றாகும்போது இரு பட்டியல்களும் ஒன்றாக வேண்டும். யார் எண்ணுக்குப் பின் யார் எண் என்ற கேள்வி அங்குதான் வெடிக்கிறது.

ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைக்கப்பட்டன. ஆனால், ஊதியமும் பணிமூப்பும் ஒன்றாகவில்லை. ஊதியச் சமத்துவம் கோரி, முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் 2011-இல் வேலைநிறுத்தம் செய்தனர். இச்சிக்கல்களை ஆராய நீதிபதி டி.எம்.தர்மாதிகாரி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டு, புதிதாக வரவிருந்த போயிங் 787 ரக விமானங்களுக்கான பயிற்சியை இரு தரப்பு விமானிகளுக்கும் அளிக்க நிர்வாகம் முடிவு செய்தது. தங்கள் பதவி உயர்வு பாதிக்கப்படும் எனக் கருதிய முன்னாள் ஏர் இந்தியா விமானிகள், 2012 மே முதல் ஜூலைத் தொடக்கம் வரை 58 நாள்கள் பணிக்கு வரவில்லை. அதனால் சர்வதேச விமானச் சேவைகள் பெரிதும் குறைக்கப்பட்டன.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 2001-இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் பலர் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டனர். அந்த மனக்குறையின் விளைவாக, இணைப்பின்போது பணிமூப்புப் பட்டியல்களை நியாயமான முறையில் ஒன்றிணைக்க வேண்டும் என 2007-இல் சட்டம் இயற்றப்பட்டது.

விடுப்பு வேறு, ஓய்வு வேறு

விடுப்பு என்பது நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான ஒப்பந்தம். எத்தனை நாள்கள், எப்போது என்பதை நிறுவனம் தனது ஆள்பலத்துக்கும் பணிமூப்புக்கும் ஏற்ப முடிவு செய்கிறது. இந்தத் திட்டமிடல் பிசகினால் என்ன நேரும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டு உதாரணம். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கணினிப் பிழையால், கிறிஸ்துமஸ் பருவத்தில் அளவுக்கு அதிகமான விமானிகளுக்கு விடுப்பு அனுமதிக்கப்பட்டுவிட்டது. விடுபட்ட விமானங்களை இயக்க முன்வருவோருக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

வாராந்திர ஓய்வு அத்தகையதன்று. அது சட்டக் கட்டாயம். 2024 ஜனவரியில் டிஜிசிஏ திருத்திய விதிகளின்படி, வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. ஓர் ஓய்வு முடிந்து அடுத்த ஓய்வு தொடங்குவதற்குள் 168 மணி நேரத்துக்கு மேல் கடக்கக் கூடாது. 'இரவு' என்பது நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை என்றிருந்தது, 6 மணி வரை என நீட்டிக்கப்பட்டது. இரவு நேரத் தரையிறக்கங்கள் 6-லிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டன. நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போன இவ்விதிகள், தில்லி உயர்நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

ஒரு வரியின் விலை

உதாரணமாக, ஐந்து நாள்கள் தொடர்ந்து பணியாற்றிய விமானி, தங்கையின் திருமணத்துக்காக இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். பழைய வரி இருந்தவரை, அந்த விடுப்பைத் தவிர 48 மணி நேர ஓய்வையும் நிறுவனம் தனியே தர வேண்டும். வரி நீக்கப்பட்ட பின், திருமண வேலைகளில் கழிந்த அந்த இரு நாள்களையே ஓய்வாகக் கணக்கிட்டு, திரும்பியதும் அவரைப் பணிக்கு அனுப்ப இயலும்.

நிறுவனங்களின் தரப்பிலும் வாதம் உண்டு. இரு வாரங்கள் விடுப்பில் இருந்தவருக்கு மேலும் இரு நாள் ஓய்வு தேவையில்லை என்றும், தனித்தனியே கணக்கிட்டால் கூடுதல் விமானிகள் தேவைப்படுவர் என்றும் கூறலாம். இந்தக் கூடுதல் ஆள்பலமே டிசம்பர் நெருக்கடியின் மையம். புதிய விதிகளுக்கு ஏற்ப விமானிகள் எண்ணிக்கையை இண்டிகோ திட்டமிடாததால், டிசம்பர் 5-ஆம் தேதி மட்டும் அந்நிறுவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அதற்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. விமானச் சேவைகளை 10 சதவீதம் குறைக்கவும் அரசு உத்தரவிட்டது.

இந்தத் தளர்வுகளுக்கு விமானிகள் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. இரவுப் பணிக்கான விலக்குக்கு முடிவுத் தேதி குறிக்கப்பட்டது. விடுப்பையும் ஓய்வையும் பிரித்துக் காட்டிய வரியோ, ஒரு நிறுவனத்துக்கு மட்டுமன்றி அனைத்து நிறுவனங்களுக்குமாக நீக்கப்பட்டது. பணிமூப்பில் முன்னிற்கும் விமானிக்கு விரும்பிய நாளில் விடுப்பு கிடைக்கலாம். ஆனால், களைப்பு பணிமூப்பு எண்ணைப் பார்த்து வருவதில்லை என்பதால், ஓய்வு மட்டும் பட்டியலின் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் ஒரே அளவில் வகுக்கப்பட்டுள்ளது.