வீட்டில் மின்சாரம் அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறதா?

அண்டை வீடுகளில் விளக்கு எரிய, நம் வீடு மட்டும் இருளில் மூழ்கும். மின்விசைப் பெட்டியைத் திறந்தால் ‘ஆர்சிசிபி’ விசை கீழே விழுந்திருக்கும்.

வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமாக உள்ளனவா என்று ஆர்சிசிபி கண்காணிக்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அந்தக் கசிவு மனித உடல் வழியாகவும் நிகழலாம். அதனால்தான் 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்டவை உட்பட, சிங்கப்பூரின் எல்லா வீடுகளுக்கும் இது கட்டாயம்.

கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றில் இயல்பாகவே சிறிது கசிவு உண்டு. எல்லாம் சேர்ந்து 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விசை விழக்கூடும். இடிமின்னலாலும் விழலாம்.

ஒருமுறை விழுந்தால் பதற்றம் வேண்டாம். அடிக்கடி விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். சிறிய விசைகள் அனைத்தையும் அணைத்து, ஆர்சிசிபியை ஏற்றி, அவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ, கோளாறு அந்த இணைப்பில்தான். அதிலுள்ள சாதனங்களின் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் பழைய வாட்டர் ஹீட்டரோ ஈரம் புகுந்த கெட்டிலோ சிக்கும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விழுந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லாதீர்கள். அடுத்த கசிவு உயிரைப் பறிக்கலாம்.