வலிமைக்கு முன் வடிவம்

கனமான பொருளைத் தூக்கத் தோள்வலிமை ஒன்றே போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். நம் முன்னோர் தூக்கிய இளவட்டக்கல்லும் இன்றைய பளுதூக்கும் களமும் வேறோர் உண்மையை உரைக்கின்றன. வலிமையை வழிநடத்துவது முறை. அம்முறையை மாணவர் உடலில் பதியவைப்பவர் பயிற்றுநர். அவரது பணியின் நுட்பங்களை விளக்குகிறது இக்கட்டுரை.

இளவட்டக்கல் தரும் பாடம்

தென் தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் ஊர்ப்பொதுவிடத்தில் உருண்டு திரண்ட வழவழப்பான கல் ஒன்று கிடப்பதைக் காணலாம். அதுவே இளவட்டக்கல். அதனைத் தூக்கித் தோள்வழியே பின்புறம் எறிபவனே மணமகனாகும் தகுதியுடையவன் எனக் கருதிய வழக்கம் முன்பு இருந்தது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இக்கல்லைத் தூக்கும் போட்டி இக்காலத்திலும் நடைபெறுகிறது. ஆடவரோடு பெண்டிரும் அதில் பங்கேற்கின்றனர்.

இக்கல்லில் பிடிமானத்திற்கு இடமில்லை. எனவே, அதனை ஒரே வீச்சில் எவரும் தூக்குவதில்லை. முதலில் குத்துக்காலிட்டு அமர்ந்து கல்லை இரு கைகளாலும் அணைப்பர். பின்னர்ச் சற்றே எழுந்து தொடையின்மீது ஏற்றுவர். அங்கிருந்து வயிற்றோடு அணைத்து உருட்டி, நெஞ்சுக்கும் அதன்பின் தோளுக்கும் கொண்டுசெல்வர். ஒவ்வொரு நிலையிலும் கல் உடலை விட்டு விலகாதிருக்கும். ஏட்டில் எழுதப்படாத இம்முறையை மூத்தோர் செய்துகாட்ட, இளையோர் கண்டு பழகினர்.

உடல் என்னும் நெம்புகோல்

எடை உடலை ஒட்டியே இருக்கவேண்டும் என்பதன் காரணத்தை இயற்பியல் விளக்குகிறது. நம் உடல் ஒரு நெம்புகோல் அமைப்பு. முதுகெலும்பை நிமிர்த்தி வைக்கும் தசைகள் அதன் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் நின்று இழுக்கின்றன. கையிலுள்ள சுமையோ அதைவிடப் பன்மடங்கு தொலைவில் இருக்கிறது.

20 கிலோ எடையை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிப்பதாகக் கொள்வோம். அதனைச் சமன்செய்ய முதுகுத்தசைகள் 200 கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தவேண்டும். அதே எடையை 25 செ.மீ. தொலைவுக்கு நெருக்கிப் பிடித்தால், தேவைப்படும் விசை 100 கிலோ எடைக்கு நிகரானதாகக் குறைகிறது. குனிந்த மேலுடலின் எடை இக்கணக்கில் சேரவில்லை. அதனையும் சேர்த்தால் சுமை இன்னும் மிகும். பொருளின் எடை மாறவில்லை. தூக்கும் முறை மாறியதால் முதுகின் சுமை மாறியது.

தூக்கும் முறை

தரையிலுள்ள இரும்புத்தண்டைத் தூக்குவதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பாதங்கள் இடுப்பளவு அகன்றிருக்க, தண்டு பாதத்தின் நடுப்பகுதிக்கு மேலாக அமையவேண்டும். இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலை மடக்கித் தண்டைப் பற்றவேண்டும். முதுகு தன் இயல்பான வளைவிலேயே நிற்கவேண்டும். மூச்சை உள்ளிழுத்து வயிற்றுத்தசைகளை இறுக்கினால், நடுவுடல் தூண்போல் உறுதிபெறும். பிறகு, தரையைக் கால்களால் அழுத்தித் தள்ளியவாறு எழவேண்டும். இடுப்பும் தோளும் ஒருங்கே உயரவேண்டும்; தண்டு காலை உரசியவாறு மேலேறவேண்டும்.

இவ்வடிவம் எல்லார்க்கும் ஒரே அச்சில் வார்த்தது அன்று. தொடை நீண்டவர் சற்று மிகுதியாக முன்சாய்வர். குட்டையான தொடையுடையவர் நிமிர்ந்தே தூக்குவர். இளவட்டக்கல்லை அணைக்கும்போது முதுகு ஓரளவு வளைவதும் தவிர்க்க இயலாதது. தோற்றம் ஆளுக்கும் பொருளுக்கும் ஏற்ப வேறுபடலாம். சுமை உடலை ஒட்டியிருத்தல், நடுவுடல் உறுதி, கால்களின் உந்துதல் என்னும் அடிப்படைகள் மாறுவதில்லை.

பயிற்றுநரின் கண்

நல்ல பயிற்றுநர் எடையை எண்ணுவதற்கு முன் அசைவைப் பார்க்கிறார். பக்கவாட்டில் நின்று நோக்கினால் முதுகு வளைவதும் தண்டு விலகுவதும் புலப்படும். முன்நின்று நோக்கினால் முழங்கால்கள் உட்புறம் சரிவது தெரியும். குதிகால் தரையை விட்டு எழுகிறதா என்பதையும் அவர் கவனிக்கிறார்.

கண்ட பிழைகளை எல்லாம் ஒரே நேரத்தில் எடுத்துரைத்தால் மாணவர் குழம்புவர். ஆதலால், முதன்மையான பிழை ஒன்றை மட்டும் சுருங்கச் சொல்லித் திருத்துவதே சிறப்பு. உடற்கூற்றுச் சொற்களால் விளக்குவதைவிட, “தரையை மிதித்துத் தள்ளு” என்னும் எளிய தொடர் விரைவில் பயன்தரும். தொடக்கத்தில் மரக்கோலே போதும். போட்டிக்குரிய இரும்புத்தண்டே ஆடவர்க்கு 20 கிலோவும் மகளிர்க்கு 15 கிலோவும் எடையுள்ளது. வட்டுகள் ஏதும் இல்லாத அத்தண்டே தொடக்கநிலையினர் பலருக்குப் போதிய சுமை.

எடையை எப்போது கூட்டுவது? இறுதி முறை தூக்கியதும் முதல்முறை தூக்கியதைப் போன்றே அமைந்தால் கூட்டலாம். வடிவம் சிதைந்தால் நிறுத்தவேண்டும். மாணவர் ஆர்வத்தோடு “இன்னும் சேர்க்கலாம்” என்று கேட்கும்போது, “இன்று இதுவே போதும்” என்று கூறும் உறுதி பயிற்றுநர்க்கு வேண்டும். முறையான மேற்பார்வையில் செய்யும் எடைப்பயிற்சி வளரிளம் பருவத்தினர்க்கும் நன்மை தரும். நண்பர் முன்னிலையில், வழிகாட்டுவார் இன்றி, வீம்புக்குத் தூக்கும் பெருஞ்சுமையே தீங்காகிறது.

களம் காட்டும் சான்றுகள்

மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 2016 ரியோ ஒலிம்பிக்கில், எடையைத் தோளில் ஏற்றிப் பின் தலைக்கு மேல் உயர்த்தும் ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ பிரிவில் மூன்று முயற்சிகளிலும் தவறினார். 2018இல் முதுகுவலி அவரை வருத்தியது. பயிற்றுநர் விஜய் சர்மாவின் வழிகாட்டலில் மீண்டெழுந்த அவர், 2020இல் அமெரிக்கா சென்று இயன்முறை மருத்துவர் ஆரன் ஹார்ஷிக்கிடம் உடலின் சமநிலைக் குறைகளைச் சீர்செய்து கொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோவை உயர்த்தி, அப்பிரிவில் உலகச் சாதனை படைத்தார். அதே ஆண்டு நிகழ்ந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார்.

வேலூரை அடுத்த சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ எடைப்பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட் நகரில் அவர் தூக்கியது 317 கிலோ. முன்னதைவிட 11 கிலோ குறைவு. தொடைக் காயத்திலிருந்து மீண்டு களமிறங்கிய அவர், அன்றைய உடல்நிலைக்கேற்ற எடையைத் தூக்கி மீண்டும் தங்கம் பெற்றார்.

வீட்டிலும் வயலிலும்

இக்கலை விளையாட்டு வீரர்க்கு மட்டும் உரியதன்று. வலையபட்டி போன்ற ஊர்களில் நெல்மூட்டை தூக்கும் உழவர்க்கும், கட்டுமானப் பணியில் கல்லும் மணலும் சுமப்பவர்க்கும், தண்ணீர்க்குடம் எடுக்கும் பெண்டிர்க்கும் இது வேண்டும். விளையாட்டு வீரர் சில முயற்சிகளோடு ஓய்வெடுப்பார். சுமைதூக்கும் தொழிலாளர்க்கு நாள்முழுதும் அதுவே பணி. அவருக்கு முதுகு பழுதுபட்டால் வருவாயும் நின்றுபோகும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயின்று பள்ளிகளுக்கு வரும் உடற்கல்வி ஆசிரியர்கள், இவ்வறிவை இளமையிலேயே ஊட்ட வல்லவர்கள்.

திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோட்டு இறங்குமாறு அரசனுக்கு அவர் கூறிய அறிவுரை, எடைதூக்கும் இளைஞர்க்கும் பொருந்தும். வடிவத்தைக் கற்றவருக்கு வலிமை காலப்போக்கில் வந்துசேரும்; வடிவத்தைத் துறந்து பெற்ற வலிமை நெடுநாள் நிலைப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இளவட்டக்கல் இருப்பின், அது குறித்து முதியோரிடம் கேட்டுக் குறிப்பு எழுதுக.

2. புத்தகப்பையைக் கை நீட்டியும் உடலோடு அணைத்தும் பிடித்து, இரண்டிலும் நீங்கள் உணரும் வேறுபாட்டை நெம்புகோல் தத்துவத்தின்வழி விளக்குக.