நட்டவர் காணாத நிழல்

நெல் விதைத்தவர் சில திங்களில் கதிர் அறுக்கின்றார். தென்னை வைத்தவர் சில ஆண்டுகளில் இளநீர் பருகுகின்றார். தாம் நட்ட மரத்தின் முதிர்ச்சியைக் காணாமலே கண்மூடுகின்ற உழவரும் உலகில் உளர். வடபுலக் காடுகளைப் பேணும் மக்களே அவர்கள். அவர்தம் உழைப்பையும், அவ்வுழைப்பில் பொதிந்துள்ள பொறுப்பையும் சுவீடன் நாட்டை முன்வைத்து நாம் இங்குக் காண்போம்.

சட்டம் தந்த காடு

சுவீடனின் நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கிற்கு மேல் காடாகும். மரம் தரும் காட்டில் ஏறத்தாழப் பாதி, குடும்பங்களின் உடைமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மர அறுவை ஆலைகள் பெருகின. காடுகள் வரைமுறையின்றி வெட்டப்பட்டன. அந்நிலை கண்டு 1903ஆம் ஆண்டில் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வெட்டியவர் மீண்டும் காட்டை வளர்த்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். பைன், ஸ்புரூஸ் ஆகிய ஊசியிலை மரங்கள் நாட்டின் தெற்கே முதிர்வதற்கு 60, 70 ஆண்டுகள் ஆகின்றன. குளிர் மிகுந்த வடக்கிலோ 100 ஆண்டுகளும் கடக்கும். பாட்டனார் நட்டதைப் பேரர் வெட்டுகின்றார். வெட்டிய இடத்தில் தம் பேரருக்காக நடுகின்றார்.

கோடரி முதல் இயந்திரம் வரை

முற்காலத்தில் மரம் வெட்டுதல் பனிக்காலத் தொழில். தொழிலாளர் காட்டினுள் சிறு குடில்களில் தங்கி, கோடரியாலும் இருவர் இழுக்கும் இரம்பத்தாலும் மரங்களை வீழ்த்தினர். உறைபனி மீது குதிரைகள் சறுக்குவண்டியில் அவற்றை இழுத்தன. பனி உருகி ஆறுகள் பெருகியதும், மரங்கள் வெள்ளத்தில் மிதந்து ஆலைகளை அடைந்தன. கிளார் ஆற்றில் 1991ஆம் ஆண்டோடு அம்மரபு முடிவுற்றது.

இன்று ஒருவர் இயக்கும் பெரிய இயந்திரமே மரத்தைப் பற்றி, அறுத்து, கிளை கழித்து, அளந்து, துண்டாக்கி விடுகின்றது. எனினும் எம்மரத்தை விடுவது, எதனை எடுப்பது என்னும் முடிவு மனிதருடையதே. நாற்றுகளை இன்றும் பெரும்பாலும் கைகளே நடுகின்றன. இளமரங்கள் நெருங்கினால் களைவதும், பின்னர் இடைவெட்டு செய்வதும், பறவைகளுக்காகவும் பூச்சிகளுக்காகவும் பட்ட மரங்களை விட்டுவைப்பதும் காட்டுப்பணியே. ஈர மண்ணில் கனத்த இயந்திரம் சென்றால் நிலம் சிதையும். ஆதலின் மண் உறையும் காலத்தை எதிர்நோக்குகின்றனர். அக்காலமோ புவி வெப்பத்தால் குறுகி வருகின்றது.

ஓர் இரவின் பாடம்

2005 சனவரி 8ஆம் நாள் இரவு, குட்ருன் என்னும் புயல் தென்சுவீடனைத் தாக்கியது. ஏறத்தாழ 750 இலட்சம் கன மீட்டர் மரம் சாய்ந்தது. நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் அளவிற்கு அது நெருங்கியது. வீழ்ந்தவற்றுள் பெரும்பகுதி ஸ்புரூஸ். அதன் வேர் ஆழமற்றது. குளிர்காலத்திலும் இலை உதிராமையால் காற்று முழு வலிமையுடன் மோதும். அவ்வாண்டு மண்ணும் உறையாது ஈரமாயிருந்தது. தலைமுறைகளின் சேமிப்பு ஓர் இரவில் தரையில் கிடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாய் முறுகிக் கிடக்கும் மரத்தை அறுத்தால் அது வில்லைப்போல் தெறிக்கும். அவற்றை அகற்றும் பணியிலும் பலர் உயிர் துறந்தனர்.

கலப்புக் காடே காப்பு என்று அப்போது பலரும் உணர்ந்தனர். ஆயினும் பெரும்பாலான நிலங்களில் மீண்டும் ஸ்புரூஸையே நட்டனர். பைன், பிர்ச் முதலிய நாற்றுகளை மூஸ் என்னும் பெரிய மான் விரும்பி மேய்ந்துவிடும் என்னும் அச்சம் அதற்கொரு காரணம். 2018ஆம் ஆண்டில் கடும் வறட்சி வந்தது. நீரின்றித் தளர்ந்த ஸ்புரூஸ் மரங்களைப் பட்டை துளைக்கும் வண்டுகள் தொடர்ந்து சில ஆண்டுகள் அழித்தன.

அமானிதம்

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நெல் உழவர் பிழை செய்தால் அடுத்த பருவத்தில் திருத்திக் கொள்ளலாம். காட்டுழவரின் பிழையையோ பேரப்பிள்ளைகள் சுமக்கின்றனர். ஆதலின் நட்டால் மட்டும் போதாது. எதை, எங்கு, எதனோடு சேர்த்து நடுவது என்று ஆய்ந்து நடுதல் வேண்டும். மரம் நடுதலை, நட்டவர் மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் தருமமாகப் போற்றுகின்றது இஸ்லாம். பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கின்றோம். காடு முன்னோர் தந்த சொத்து அன்று. பின்னோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். குறைவின்றி அதனைத் திருப்பித் தருதலே நம் கடன்.