பம்பரில் நிற்கும் மாடு

குனிந்து வாருங்கள். இந்த ஷெட்டின் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது. எந்த இடத்தில் உதைத்தால் முழுக்க ஏறும் என்று தெரிந்தவர் மேஸ்திரி ஒருவர்தான், அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பஸ்காரர்கள் இந்தத் தகரக் கூரையைத் தினமும் கடக்கிறார்கள். உள்ளே இப்படியொரு சீமாட்டி குடியிருப்பது அவர்களில் யாருக்குத் தெரியும்?

இதோ நிற்கிறாள். மார்க் டூ அம்பாசிடர். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடலை வாங்கிக்கொண்டு வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்த குடும்பம். 1975 வரைதான் இந்த மாடல் வந்தது. அம்பாசிடர் உற்பத்தியே 2014 மே மாதம் நின்றுபோனது. வாங்கியபோது இந்த ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது, 2019-ல் கள்ளக்குறிச்சியே மாவட்டம். நின்ற இடத்திலேயே மூன்று மாவட்டம் பார்த்த வண்டி!

கோயம்புத்தூர் ஜீ.டி. கார் மியூசியத்திலும் வடபழனி ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியத்திலும் பழைய வண்டிகளைத் துடைத்து, விளக்குப் போட்டு, சீராக நிறுத்தியிருப்பார்கள். இங்கே பானட் மேல் ஒரு டிபன் கேரியர். பின்சீட்டில் பட்டி டப்பா, கொசுவத்திச் சுருள், போன வருஷத்துக் காலண்டர். டிக்கியைத் திறந்தால் எலி ஒன்று நம்மைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் இறங்கிப் போகிறது.

நாம் வந்தது படப்பிடிப்பு பார்க்க. கேமராவோடு நிற்கிற பெண் கல்லூரியில் படிக்கிறாள், பழைய கார்களைப் படமெடுக்கப் பழகுகிறாள். சொல்லிக்கொடுப்பவர் அவளுடைய மாமா, டவுனில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர். மாலையில் படம் என்றால் காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார். கேமரா இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை. அவள் கையில் இருப்பது பனியன் வேஸ்ட்.

"தொடைம்மா. கை ரேகை ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"தொடச்சிட்டேன் மாமா."

"லைட்டுக்குப் பின்னாடி?"

அங்கே எறும்பு குடித்தனம் நடத்துகிறது.

ஷெட்டில் எடுபிடிப் பையன் ஒருவன் இருக்கிறான். கார்த்திகை மாசம், மாலை போட்டிருக்கிறான். அதனால் டீ குடித்துத் திரும்பிய மேஸ்திரிக்குப் பெரிய சங்கடம். மற்ற மாதங்களில் "டேய்" என்று ஆரம்பித்து அச்சேற முடியாதவற்றில் முடிப்பவர், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமி, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சாமி" என்கிறார். பையன் நிதானமாகத் தேடுகிறான். அவன் முகத்தில் தெரிவது முழுக்க பக்திதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஷட்டரை உதைத்து ஏற்றி, வண்டியை வாசலுக்குத் தள்ளியாகிவிட்டது. முதல் படம். அவள் எடுத்துவிட்டு மாமாவிடம் நீட்டுகிறாள். அவர் பெரிதாக்கிக் காட்டுகிறார். பம்பரின் குரோம் பூச்சில் எதிர்வீட்டு ரோஸ் சுவர், கொடியில் காயும் நைட்டி, ஒரு மாடு, நடுவில் மஞ்சள் சுடிதாரில் அவளே, குட்டையாக, வயிறு வீங்கி! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த வேலையின் சூட்சுமமே இதுதான். காரின் தோல் முழுக்கக் கண்ணாடி. படமெடுக்கிறவர் காரைப் பார்க்கிறார், கார் ஊரைப் பார்க்கிறது. ஆகவே ஊரை ஒழுங்குபடுத்த வேண்டும். நைட்டியை எடுக்கச் சொல்லி எதிர்வீட்டு அக்காவிடம் யார் கேட்பது என்று ஒரு சிறு மாநாடு நடக்கிறது. மாட்டுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்து அழைத்துப் போகிறார்கள்.

கறுப்பு உடுத்தினால் பம்பரில் ஆள் தெரிய மாட்டார் என்கிறார் மாமா. எல்லோரும் ஒரே நேரத்தில் சாமியைத் திரும்பிப் பார்க்கிறோம். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை! விளக்குத் தட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பதவி அவனுக்குப் போகிறது. அவளுக்கு ஸ்டுடியோவின் கறுப்புத் துணி. போர்த்திக்கொண்டு உள்ளே வேர்த்துக் கொட்டுகிறாள்.

மதியம் மலை ஏறுகிறோம். வழியில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் பின்னால் ஊர்ந்து, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு வளைந்து வளைந்து போகும் ரோடு. பாதியில் ரேடியேட்டர் ஆவி விடுகிறது. மேஸ்திரி இதை எதிர்பார்த்துக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். எஞ்சின் ஆறும்வரை கடலை மிட்டாய். வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதே, 2021 விதிப்படி 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் நம்பர் வாங்கலாமே என்கிறேன். "வாங்கலாம். அப்புறம் கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்கலாமாம். வண்டி முதலாளி வீட்டுக் கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை எதுல போவும்?" என்கிறார்.

மேலே, சாலையோரம் நிறுத்தியதும் பெரியவர் ஒருவர் தோளில் துண்டோடு வருகிறார். வெள்ளை அம்பாசிடரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்த ஆபீசுங்க? மனுவை எடுத்தாரட்டுமா?" என்கிறார். மலைக்காரர்கள் கண்ணில் இந்த வண்டி எத்தனை வருஷம் அதிகாரியாகவே வந்து போயிருக்க வேண்டும்! விஷயம் தெரிந்ததும் அவரே சிரித்து, முன்சக்கரத்துப் பக்கம் நின்று, துண்டைச் சரிசெய்துகொள்கிறார்.

இங்கேதான் பவர் இல்லாத ஸ்டேரிங்கின் அருமை தெரிகிறது. டயரின் பட்டன் கேமராவைப் பார்க்கக் கூடாது, வீல் கப் பார்க்க வேண்டும். நிற்கிற வண்டியில் அதைத் திருப்ப மேஸ்திரி சீட்டை விட்டே எழுந்துவிடுகிறார். "இன்னும் கொஞ்சம்ணே." "இன்னும் கொஞ்சம்ணே." "பாப்பா, படம் எடுக்கிறியா, மாவாட்டச் சொல்றியா?"

அவள் ரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கேமராவை ஹெட்லைட் உயரத்துக்கு இறக்குகிறாள். கிட்டே போகாதே, மூக்கு மட்டும் பெருத்துவிடும், பின்னால் போய் ஜூம் பண்ணு என்கிறார் மாமா. பிறகு லென்ஸில் ஒரு போலரைசர் வளையத்தை மாட்டித் திருகச் சொல்கிறார். முன்கண்ணாடி மேல் படிந்திருந்த வெள்ளை வானம் மெல்ல விலகி, டேஷ்போர்டுப் பிள்ளையார் எட்டிப் பார்க்கிறார்! அவள் "ஐயோ மாமா!" என்று கத்துகிறாள். எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை திருகுகிறோம், நானும்தான். ஆனால் உலோகப் பம்பரிடம் இந்த வித்தை பலிக்காது. அங்கே மாட்டை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் மறுபடி அடிவாரம். மலை மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே சீக்கிரம் ஒளிந்துகொள்ளும். வெயில் போயும் வெளிச்சம் போகாத அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் காலையிலிருந்து இத்தனை பாடு. யாரும் பேசவில்லை, மாமாவைத் தவிர. "பார்க் லைட் போடுங்க! ஆட்டை ஓட்டுங்க! சாமி, நிழல் விழுது, உக்காருங்க!" பானட் முழுக்க மலையின் நீலக் கோடு ஒன்று வழிந்து கிடக்கிறது. அதோடு ஓரத்தில் ஒரு ஆடும். மாமா விரட்டப் போனார். "இருக்கட்டும் மாமா, அது நல்லாத்தான் இருக்கு" என்று பட்டனை அழுத்திவிட்டாள். அவர் பதில் சொல்லாமல் மீசையைத் தடவிக்கொள்கிறார். அந்த ஆட்டுக்கு என் ஓட்டும் உண்டு.

இருட்டியபின் மேஸ்திரிக்குக் கேமராத் திரையில் படங்களைக் காட்டுகிறாள். நீலக் கோடு படம்: "இருட்டா இருக்கே." பிள்ளையார் படம்: "சாமி நல்லா இருக்கு, வண்டி பாதிதான் இருக்கு." கடைசியில் நிற்கிறது அவர் விரல். உச்சி வெயிலில், பானட் திறந்து, ஆவி பறக்க, பக்கத்தில் அவர் குடத்தோடு நிற்கும் படம். அவள் சும்மா தட்டியது.

"இதை அனுப்பு பாப்பா. ஸ்டேட்டஸ் வைக்கணும்."